கோடு போடும் கையையும் சேர்த்து அளப்போம்

மாங்காட்டில் ஆற்றப்பட்ட அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

2010ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 15 வரை சென்னையில் ஒரு மாநாடு நடந்தது. கணினிப் பார்வை, கிராஃபிக்ஸ், படச் செயலாக்கம் ஆகிய துறைகளுக்கான ஏழாவது இந்திய மாநாடு அது. ஹானஸ் நிக்கிஷ், கார்ஸ்டன் ரோத்தர், புஷ்மீத் கோலி, கிறிஸ்டோஃப் ரேமன் ஆகிய நால்வர் அதற்கு ஒரு கட்டுரை அளித்திருந்தார்கள். மனிதரும் கணினியும் சேர்ந்து ஒரு படத்தில் எல்லை வரையும்போது, அந்தக் கூட்டு வேலையைக் கணினி தனியாகச் செய்த வேலையைப் போலவே அளந்துகொண்டிருக்கிறார்களே, அது எப்படிச் சரியாகும் என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. அவர்கள் முன்வைத்த பதில் ‘ரோபோ பயனர்’. மனிதர் எங்கே கிளிக் செய்வார், எப்படித் திருத்துவார் என்று பாவித்துக் காட்டும் ஒரு நிரல் அது.

சென்னையில் எழுந்த அந்தக் கேள்வி நம் பக்கத்துக்கு நெருக்கமானது. மாங்காட்டைச் சுற்றிப் பாருங்கள். சிக்கராயபுரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, பூந்தமல்லியைத் தாண்டினால் தண்டலத்தில் சவீதா. நடுவே சாலையோரமெல்லாம் ஸ்கேன் சென்டர்கள். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தபடியே இருக்கிறார்கள். எடுத்த படத்தில் கட்டி எது, நல்ல சதை எது என்று யாராவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த வேலையின் பாரம் வெளியே தெரிவதில்லை. வயிற்றுப் பகுதிக்கு ஒரு சி.டி. எடுத்தால் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் வரும். கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டமிடும் மருத்துவர் அவற்றில் கட்டியைச் சுற்றி மட்டும் கோடு போட்டால் போதாது. கதிர் படக்கூடாத தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி, விழி நரம்பு இவற்றையும் படத்துக்குப் படம் சுற்றி வர வேண்டும். மருத்துவமனைகளில் இதை ‘கான்டூர் போடுவது’ என்பார்கள். உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து கல்லீரலின் ஒரு பகுதியை எடுத்து இன்னொருவருக்கு வைப்பதற்கு முன்பும் இதே வேலைதான். கொடுப்பவருக்கு ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் குறையாமல் கல்லீரல் மிஞ்ச வேண்டும். எவ்வளவு மிஞ்சும் என்பது படத்தில் போட்ட கோட்டிலிருந்துதான் கணக்காகிறது.

முழுக்கக் கையால் போட்டால் நேரம் போகிறது. முழுக்கக் கணினியிடம் விட்டால் சில படங்களில் அது வழி தவறிவிடுகிறது. அதனால் நடுவழி ஒன்று பிறந்தது. மருத்துவர் இரண்டு மூன்று இடங்களில் புள்ளி வைப்பார், அல்லது சிறு கோடு கிழிப்பார், அல்லது ஒரு கட்டம் போடுவார். கணினி எல்லையை வரையும். தவறிய இடத்தில் மருத்துவர் மறுபடி தொட்டுக் காட்டுவார், கணினி திருத்தும். இதைத்தான் ஊடாடும் பகுதிபிரிப்பு என்கிறார்கள். 1988இல் வந்த ‘ஸ்நேக்’ முறை, 1990களில் ‘லைவ் வயர்’, 2001இல் பாய்கோவும் ஜாலியும் கொண்டுவந்த ‘கிராஃப் கட்’, 2004இல் ரோத்தரும் உடன் எழுதிய ‘கிராப்கட்’, 2006இல் லியோ கிரேடியின் ‘ரேண்டம் வாக்கர்’ என்று முறைகள் பெருகின. 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட ‘சாம்’ 1.1 கோடி படங்களிலும் அவற்றில் பிரித்தெடுத்த 110 கோடி பகுதிகளிலும் பயின்றது.

முறைகளுக்குப் பஞ்சமில்லை. எதை நம்பி மருத்துவரின் கையில் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

இன்று எல்லோரும் முதலில் எடுக்கும் அளவுகோல் டைஸ் எண். கணினி வரைந்த பகுதியும் மருத்துவர் வரைந்த பகுதியும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று அது சொல்லும். முழுக்கப் பொருந்தினால் 1, தொடவே இல்லையென்றால் 0. லீ டைஸ் என்ற அமெரிக்கச் சூழலியல் அறிஞர் 1945இல் உயிரினங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து வாழ்கின்றன என்று கணக்கிட அதை எழுதினார். அதன் நெருங்கிய உறவான ஜக்கார்ட் எண், 1901இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் பால் ஜக்கார்ட் ஆல்ப்ஸ் மலைச் செடிகளை ஆராய்ந்தபோது பிறந்தது. மலைச்செடிக்கு வந்த கணக்கு மூளைக் கட்டிக்கும் உதவுவது அறிவியலின் அழகு. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஆபத்து.

எப்படி என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதைச் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்துவிடுகிறது. டைஸ் எண் 0.97 வரும், பார்த்தவர் கை தட்டுவார். அதே 1 மில்லிமீட்டர் தவறை 1 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறு கட்டியில் செய்தால் டைஸ் 0.68க்கு இறங்கிவிடும். தவறு ஒன்றுதான், மதிப்பெண் இரண்டு. பத்து ஏக்கர் தோப்பில் வேலி ஒரு அடி உள்ளே தள்ளிப் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாங்காட்டில் அரை கிரவுண்டு மனையில் அதே ஒரு அடி போனால் வழக்கே வரும்.

அந்த 0.97இலும் ஒன்று மறைந்திருக்கிறது. உருண்டையின் கன அளவில் 5 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. கல்லீரல் தானத்துக்குக் கணக்குப் போடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் முக்கியம். ஆகவே பொருத்தத்தைச் சொல்லும் எண்ணோடு, கோடு அதிகபட்சம் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று சொல்லும் எண்ணும் வேண்டும். அதற்கு ஹாஸ்டார்ஃப் தூரம் இருக்கிறது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் ஹாஸ்டார்ஃப் 1914இல் வெளியிட்ட கணக் கோட்பாட்டு நூலோடு சேர்ந்தது அந்தப் பெயர். நாஜிகள் முகாமுக்குக் கொண்டுபோகவிருந்த வேளையில், 1942இல், அவர் மனைவியோடு உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயர் தாங்கிய அளவு, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் கோடு எத்தனை மில்லிமீட்டர் பிசகியது என்று இன்று மருத்துவருக்குச் சொல்கிறது.

இத்தனை அளவுகோல்களுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. மருத்துவர் வரைந்த கோடுதான் உண்மை என்ற நம்பிக்கை. எந்த மருத்துவர்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் அருமையான சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுத்த விழித்திரைப் படங்களை வைத்து, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஜெயந்தி சிவசாமியின் குழு ‘திருஷ்டி-ஜி.எஸ்.’ என்ற படத்தொகுப்பை உருவாக்கியது. 2014இல் அது பற்றிய கட்டுரை வெளிவந்தது. மொத்தம் 101 படங்கள், பயிற்சிக்கு 50, சோதனைக்கு 51. கிளாக்கோமா எனும் கண்நீர் அழுத்த நோயைக் கண்டறிய உதவும் தொகுப்பு. விழி நரம்பு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டத் தட்டு தெரியும், அதன் நடுவே கிண்ணம் போன்ற ஒரு குழிவு. நோய் முற்ற முற்றக் கிண்ணம் அகலும். தட்டின் உயரத்தில் கிண்ணம் எத்தனை பங்கு என்ற விகிதத்தை மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

இந்தத் தொகுப்பின் பெருமை படங்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு படத்திலும் நான்கு கண் நிபுணர்கள் தனித்தனியே எல்லை வரைந்தார்கள். அவர்களுடைய அனுபவம் முறையே 3, 5, 9, 20 ஆண்டுகள். நான்கு கோடுகளையும் சேர்த்து, எந்தப் புள்ளியை எத்தனை பேர் ஏற்றார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் தொகுப்போடு கொடுத்தார்கள். தட்டின் விளிம்பு பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். கிண்ணத்தின் விளிம்போ படத்தில் மங்கலாகக் கரைந்திருக்கும், ஆழம் தெரியாத தட்டைப் படத்தில் அதை ஊகித்துத்தான் வரைய வேண்டும். அங்கேதான் நிபுணர்களின் கைகளும் பிரியும். அந்தப் பிரிவை மறைத்து ஒரே ஒரு கோட்டை உண்மை என்று அறிவிக்காமல், பிரிந்ததைப் பிரிந்தபடியே கொடுத்த நேர்மைதான் அந்தத் தொகுப்பைப் பெருமைக்குரியதாக்குகிறது.

இதிலும் சிறு கணக்கு. தட்டின் உயரம் 1.8 மில்லிமீட்டர், கிண்ணத்தின் உயரம் 0.9 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.5. கிண்ணத்தின் கோடு மேலும் கீழும் வெறும் 0.09 மில்லிமீட்டர் வெளியே போனால் விகிதம் 0.6 ஆகிவிடும். 0.5 என்றால் அநேகமாக அடுத்த ஆண்டு வாருங்கள் என்பார்கள். 0.6 என்றால் மேற்கொண்டு பரிசோதனைகளை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. தலைமுடியின் தடிமன் அளவுக்குக் கோடு நகர்ந்ததில் நோயாளியின் அடுத்த ஓராண்டே மாறுகிறது. ஆகவே ஒரு மென்பொருள் ஒரு நிபுணரோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதோடு, நிபுணர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நிபுணர்களே 0.85 அளவுக்குத்தான் ஒத்துப்போகும் ஒரு வேலையில் 0.95 எடுத்தோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது ஒரே ஒருவரின் கைப்பழக்கத்தை மனப்பாடம் செய்திருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். பல நிபுணர்களின் கோடுகளிலிருந்து உண்மைக்கு நெருங்கிய எல்லையையும், ஒவ்வொரு நிபுணரின் நம்பகத்தையும் ஒருசேர மதிப்பிடும் ‘ஸ்டேபிள்’ என்ற கணக்குமுறை 2004இலேயே வந்துவிட்டது. பயன்படுத்துகிறவர்கள்தான் இன்னும் பெருக வேண்டும்.

இப்போது சென்னைக் கட்டுரையின் ரோபோவுக்குத் திரும்பலாம். அது செய்வது எளிய காரியம். கணினி வரைந்த எல்லையை, முன்பே தெரிந்த சரியான எல்லையோடு ஒப்பிடும். எங்கே பெரிய தவறு இருக்கிறதோ அதன் நடுவில் ஒரு குறி வைக்கும். கணினி திருத்தும். ரோபோ மறுபடி பார்க்கும், மறுபடி குறி வைக்கும். அதற்கு முன்பெல்லாம் ஆய்வாளர்கள் ஒரு படத்துக்கு இன்ன இன்ன இடத்தில் குறி என்று முன்கூட்டியே நிலையாக வைத்துவிட்டு, வந்த விடையை மட்டும் அளந்தார்கள். அடுத்த குறி முந்தைய தவறைப் பொறுத்து மாறும் என்ற உண்மையே அந்த அளவீட்டில் இல்லாமல் இருந்தது. ரோபோ வந்த பிறகு ஆயிரம் படங்களில், பத்து முறைகளை, ஒரே இரவில், ஒரே நியாயத்தோடு ஒப்பிட முடிந்தது. இன்று இந்தத் துறையில் எங்கும் காணும் ‘90 சதவீதப் பொருத்தத்தை எட்ட எத்தனை கிளிக்’ என்ற எண்ணும் இந்த மாதிரிப் பாவனைப் பயனரை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. வழக்கமாக 20 கிளிக்குக்கு மேல் விட மாட்டார்கள். அதற்குள் எட்டாத படம் தோல்விக் கணக்கில் சேரும்.

ஆனால் ரோபோவிடம் இருக்கும் ஒன்று எந்த மருத்துவரிடமும் இல்லை. அதற்கு விடை தெரியும்! எங்கே பெரிய தவறு என்று அது தேட வேண்டியதே இல்லை. மருத்துவருக்கு விடை தெரியாது. அவர் படத்தைப் பெரிதாக்குவார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பார், முந்தைய ஸ்கேனைத் திறந்து பார்ப்பார், பக்கத்து அறையிலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். சில தவறுகள் அவர் கண்ணில் படாமலே போகும். நாற்பதாவது படத்தில் அவர் கை சோர்ந்திருக்கும். ரோபோவுக்குச் சோர்வில்லை, தயக்கமில்லை, ‘அன்டூ’ அழுத்துவதே இல்லை. ஒரு கிளிக் என்பது ரோபோவுக்கு ஒரு கிளிக். மருத்துவருக்கு அது இரண்டு விநாடியாகவும் இருக்கும், அரை நிமிட யோசனையாகவும் இருக்கும். ஆகவே ரோபோ வைக்கும் தேர்வை நுழைவுத் தேர்வாக ஏற்கலாம். அதில் தோற்ற முறையை மருத்துவரிடம் கொண்டுபோகவே வேண்டாம். அதில் தேறியதற்காகவே ஒரு முறையை மருத்துவமனைக்குள் விட்டுவிடவும் கூடாது.

‘சாம்’ வந்தபோது இது நன்றாகவே வெளிப்பட்டது. தெருப் படங்களிலும் வீட்டுப் படங்களிலும் அசத்திய அதை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மச்சே மசுரோவ்ஸ்கியின் குழு 19 மருத்துவப் படத்தொகுப்புகளில் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரே ஒரு குறி கொடுத்தபோது, இடுப்பு எக்ஸ்ரேயில் ஜக்கார்ட் எண் 0.865. முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யில் 0.1135. ஒரே மென்பொருள்தான். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு விளம்பரத்தில் அச்சடித்தால் அந்த எண்ணால் எலும்பு மருத்துவருக்கும் பயனில்லை, முதுகுவலியோடு வந்தவருக்கும் பயனில்லை. எந்த உறுப்பு, எந்த வகை ஸ்கேன், எந்த வகைக் குறி என்று பிரித்துச் சொல்லாத மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.

அப்படியானால் முழுமையான தேர்வு எப்படியிருக்கும்? இதற்கு நல்ல வரைமுறை தந்தவர்களில் ஒருவர் ஜெயராம் உடுப்பா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படத்துறையில் பல்லாண்டு உழைத்தவர், லைவ் வயர் முறையை வளர்த்தவர்களில் ஒருவர். அவரும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட கட்டுரை மூன்று கேள்விகளைப் பிரிக்கிறது. உண்மையோடு ஒத்துப்போகிறதா? அதே படத்தை மறுபடி செய்தால், வேறொருவர் செய்தால், மறுபடி ஸ்கேன் எடுத்துச் செய்தால், அதே விடை வருகிறதா? கணினியின் நேரம் எவ்வளவு, மனிதரின் நேரம் எவ்வளவு? ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று பாதிக்கப்படும் என்பதால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். வெளிவரும் கட்டுரைகளில் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாக அட்டவணைகள் வருகின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பெரும்பாலும் ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். நோயாளிக்கு மூன்றும் வேண்டும். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக் கட்டி வளர்ந்திருக்கிறது என்று சொல்லும்போது, வளர்ந்தது கட்டியா, கோடு போட்ட ஆள் மாறியதால் வந்த வித்தியாசமா என்று தெரியாவிட்டால் மருந்தை எப்படி மாற்றுவது?

மனிதர்களை வைத்துச் சோதிப்பதிலும் பொறிகள் உண்டு. ஒரே படத்தை முதலில் கையாலும் பிறகு மென்பொருளாலும் வரையச் சொன்னால், இரண்டாவது முறை படம் பழகியிருக்கும், வேகம் தானாகவே கூடும். பாதிப் பேருக்கு வரிசையை மாற்ற வேண்டும், நடுவே சில வாரங்கள் இடைவெளி விட வேண்டும். புதுக் கருவி கையில் படிய நேரம் பிடிக்கும் என்பதால் முதல் சில படங்களைப் பயிற்சிக்கென்று ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நுட்பமான பொறி வேறொன்று. கணினி வரைந்த கோட்டைத் திரையில் காட்டிவிட்டு, இது சரியா பாருங்கள் என்று கேட்டால், வேலை மலைபோல் குவிந்திருக்கும் மருத்துவர் பெரும்பாலும் சரி என்றே சொல்லும் நிலை வரும். மென்பொருளின் கோட்டைத் திருத்தி வந்ததையே பிறகு உண்மை என்று வைத்து அதே மென்பொருளுக்கு மதிப்பெண் போட்டால், அது தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண். ஒப்பிடுவதற்கான கோட்டை, அந்த மென்பொருளைக் கண்ணால் பார்க்காத வேறொருவர் வெறும் படத்தில் வரைந்திருக்க வேண்டும். இதற்குச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க இடமில்லை.

மனிதர்களை வைத்துச் சோதித்த நல்ல முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ‘ஸ்க்ரிபிள்பிராம்ப்ட்’ 2024இல் வெளிவந்தபோது, பாவனைப் பயனரோடு நிற்காமல், துறை வல்லுநர்களின் கையிலும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த சிறந்த முறையோடு ஒப்பிட்டால் நேரம் 28 சதவீதம் குறைந்தது, டைஸ் எண் 15 சதவீதம் கூடியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்ல முடிந்ததே அந்தக் கட்டுரையின் பலம்.

நண்பர்களே, இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் ‘தரணி’ என்ற தொகுப்பை உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. கருவிலிருந்த சிசுக்களின் மூளையை, இரண்டாம் மும்மாதப் பருவத்தில், செல் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும் 5,132 வெட்டுப் படங்கள் அதில் உள்ளன. அவற்றில் 500க்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகள் அடையாளமிடப்பட்டுள்ளன. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசத்தின் தலைமையில் நடந்த அந்தப் பணியில் சென்னை மெடிஸ்கேனோடு சேர்ந்து பங்கேற்றது, பூந்தமல்லிக்கு அப்பால் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உலகத் தரத்தில் எல்லை வரையும் வேலைக்கு நம் பக்கமே கை கொடுத்திருக்கிறது. எல்லை வரையும் மென்பொருட்களைச் சோதிக்கும் வேலைக்கும் இந்தப் பக்கத்தால் கை கொடுக்க முடியும்.

இந்தப் பகுதியில் மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் அருகருகே இருக்கின்றன. பொறியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் இறுதியாண்டு புராஜெக்டுக்காக வெளிநாட்டுத் தொகுப்பு ஒன்றை இறக்கி, டைஸ் எண்ணை 0.01 கூட்டி, பைண்டு செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கை இப்படித் திருப்பலாம். நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கிய, நெறிமுறைக் குழு அனுமதித்த நம் ஊர்ப் படங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியே போட்ட கோடு. மருத்துவர் எத்தனை முறை தொட்டார், எத்தனை முறை அழித்தார், எவ்வளவு நேரம் யோசித்தார் என்று தானாகக் குறித்துக்கொள்ளும் ஒரு சிறு நிரல். தோற்ற படங்களின் பட்டியல், மறைக்காமல். இதற்குப் பெரிய கணினியோ பெரிய நிதியோ தேவையில்லை. இரண்டு கல்லூரிகள் கையெழுத்திட்டால் போதும்.

மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லை வரையும் மென்பொருளை விற்க வருபவர் சராசரி மதிப்பெண்ணைக் காட்டினால், அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கள் மெஷினில் எடுத்த படத்தில் சோதித்தீர்களா? உண்மை என்று வைத்துக்கொண்ட கோட்டை எத்தனை மருத்துவர்கள் வரைந்தார்கள்? கிளிக் எண்ணிக்கை நிரல் செய்ததா, மனிதர் செய்ததா? மிக மோசமாகப் போன பத்துப் படங்களைக் காட்ட முடியுமா? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு கொள்முதல் ஆணையில் கையெழுத்திடுங்கள்.